சிற்றிலும் சிறுதேரும்: ஆலைக் கட்டடங்களைச் சிற்றுருவில் சமைத்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடிய மரபு தமிழுக்கு உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. கடற்கரை மணலில் சிறுமியர் கட்டும் சிறு வீடு சிற்றில். தச்சன் செய்துகொடுக்க, சிறுவன் கயிறு கட்டி இழுக்கும் சிறிய தேர் சிறுதேர். ஒன்று கட்டடத்தின் சிற்றுரு, மற்றொன்று ஊர்தியின் சிற்றுரு. பெரியதைச் சிறியதாகச் செய்து பார்க்கும் வேட்கையைப் பிள்ளைப் பருவத்தின் அடையாளமாகவே புலவர்கள் கண்டனர். வளர்ந்த பின்னும் அவ்வேட்கை தீராதவர் உண்டு. நவராத்திரிக் கொலுப் படிகளின் முன்னே கேழ்வரகையும் கடுகையும் முளைக்கவிட்டு வயலாக்கி, கண்ணாடித் துண்டைத் தெப்பக்குளமாக்கி, அதன் கரையில் சிறு புகைவண்டியை ஓடவிடும் இல்லங்கள் தமிழகத்தில் இன்றும் உள்ளன. அவ்வேட்கை கணக்கோடும் பொறுமையோடும் கூடும்போது அது ஒரு கலையாகிறது. மாதிரி இருப்புப்பாதை அமைத்தல் என்பது அக்கலை. அதில் ஆலை, சூளை, கிடங்கு முதலிய தொழிற்கட்டடங்களைக் கடையில் வாங்காமல் தம் கையாலேயே சமைத்துக்கொள்ளும் ஒரு பிரிவே இவ்வுரையின் பொருள்.

கவிஞர்கள் கூடிய அவையில் இப்பொருள் எதற்கு என்னும் வினா எழலாம். செங்கல்பட்டுச் சீமைக்கும் மாமல்லபுரக் கடற்கரைக்கும் இக்கலையோடு ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட உறவு இருக்கிறது என்பதே அதற்கு விடை. அவ்வுறவு விடுக்கும் அழைப்பு ஒன்றும் உண்டு. அதை இறுதியில் காணலாம்.

அளவும் அதன் கணக்கும்

மாதிரி இருப்புப்பாதைக்கு உலகெங்கும் வழங்கும் அளவு விகிதங்கள் சில உண்டு. பெரிதும் பரவியது எச்.ஓ. எனப்படுவது. அதில் உண்மைப் பொருளின் 87-இல் ஒரு பங்காக எல்லாம் அமையும். அதனினும் சிறியது என். அது 160-இல் ஒரு பங்கு. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1972-இல் வெளியிட்ட இசட் என்னும் அளவோ 220-இல் ஒரு பங்கு.

இவ்வெண்களைப் பொருளோடு பொருத்திப் பார்த்தால்தான் அவற்றின் தன்மை விளங்கும். இந்திய அகலப் பாதையின் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தொலைவு 5 அடி 6 அங்குலம். அஃது ஏறத்தாழ ஒரு மனிதனின் உயரம். எச்.ஓ. அளவில் அம்மனிதன் 19 மில்லிமீட்டர் நிற்பான். என் அளவில் பத்தரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவான். 9 அங்குல நீளமுள்ள செங்கல் எச்.ஓ. அளவில் 2.6 மில்லிமீட்டர், என் அளவில் 1.4 மில்லிமீட்டர். அறுபதடிப் புகைபோக்கி முன்னதில் 21 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். பின்னதில் ஒரு சாண் உயரத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கும்.

மேலை நாடுகளின் வண்டிகளுக்கும் கட்டடங்களுக்கும் அச்சில் வார்த்த உறுப்புகள் பெட்டியில் அடைத்து விற்கப்படுகின்றன. பசை இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் கட்டடம் எழுந்துவிடும். தமிழ்நாட்டின் அரிசி ஆலையையோ சுண்ணாம்புக் காளவாயையோ அவ்வாறு வாங்க இயலாது. தண்டவாளத்திற்கே இந்நிலைதான். எச்.ஓ. அளவுக்கு விற்கப்படும் பாதையின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது மேலை நாட்டுப் பாதைக்கு உரிய கணக்கு. இந்திய அகலப் பாதைக்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே இந்நாட்டு நிலக்காட்சியைச் சிற்றுருவில் காண விழைபவர் அட்டை, பால்சா மரம், பாலிஸ்டைரீன் தகடு, ஊதுவத்திக் குச்சி, மெல்லிய அலுமினியத் தாள் ஆகியவற்றிலிருந்து எல்லாவற்றையும் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டியவராகிறார். வேறு வழியின்மையால் வந்த இந்நிலை ஒரு நன்மையையும் தருகிறது. பெட்டியை வாங்கியவர் பெட்டியைத்தான் பார்க்கிறார். தாமே கட்டுபவர் கட்டடத்தை நேரில் சென்று பார்த்தே தீர வேண்டும்.

ஆலை எதற்கு?

பாதையும் நிலையமும் மலையும் பாலமும் இருந்தால் வண்டி ஓடாதா? ஓடும். ஆனால் அது எங்கிருந்து எதற்காக எங்கே போகிறது என்னும் வினாவுக்கு விடை இராது. வண்டிக்குக் காரணம் தருவது சுமை. சுமைக்குக் காரணம் தருவது தொழில். ஆலையின் பக்கப் பாதையில் நெல் மூட்டையோடு நுழைந்து அரிசி மூட்டையோடு வெளிவரும் ஒரு சரக்குப் பெட்டி, வட்டமிட்டு ஓடும் பத்து விரைவு வண்டிகளைவிட மிகுதியான கதையைச் சொல்லும்.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. இந்தியாவின் முதல் இருப்புப்பாதையாகக் கருதப்படுவது 1837-இல் செங்குன்றம் பகுதியில் இயங்கிய பாதை. அது பயணிகளுக்காகப் போடப்பட்டதன்று; சாலை போடுவதற்கான கல்லைச் சென்னைக்குக் கொணர்வதற்காகப் போடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே ஒரு சிறு பாதையை அமைத்துச் சோதித்துப் பார்த்தனர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, 1865-இல், அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை 3 அடி 6 அங்குல இடைவெளியில் ஓர் இலகு பாதை திறக்கப்பட்டது. அது பின்னர் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டுச் செங்கல்பட்டு வரை நீண்டது. கல், நெல், உப்பு, விறகு, பட்டு என நிலம் தந்த பொருள்களைத் தேடியே இரும்பு இப்பகுதிக்குள் நுழைந்தது.

கல்லில் நிற்கும் சிற்றுருக்கள்

மாமல்லபுரத்திற்கு இருப்புப்பாதை கிடையாது. புகைவண்டியில் வருபவர் செங்கல்பட்டில் இறங்கிக் கிழக்கு நோக்கிச் செல்ல வேண்டும். எனினும் சிற்றுருக் கட்டடக் கலையைப் பயில்பவருக்கு இந்தியாவில் அதைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை.

ஐந்து இரதங்கள் எனப்படுபவை இரதங்களும் அல்ல, பாண்டவர்க்கும் அவற்றுக்கும் தொடர்பும் இல்லை. அவை ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் இருந்த கட்டட வகைகளை ஒற்றைக் கல்லில் குடைந்து நிறுத்திய மாதிரிகள். ஒரே நீண்ட பாறையிலிருந்து நான்கும், அருகிலிருந்த தனிப் பாறையிலிருந்து ஐந்தாவதும் செதுக்கப்பட்டன. வடகோடியில் நிற்கும் திரௌபதி இரதம் சுமார் 11 அடிச் சதுரத்தில், 18 அடி உயரத்தில் அமைந்த ஓலைக் குடில். கூரையின் வளைவும் மூலைகளின் இறக்கமும் வேய்ந்த கூரையை அப்படியே காட்டுகின்றன. பீம இரதம் ஏறத்தாழ 42 அடி நீளமுள்ள சாலை வடிவக் கட்டடம். வண்டிக் கூண்டு போன்ற அதன் கூரையின் முகப்பு வளைவுக்குள் மரச் சட்டங்களின் அமைப்பு கல்லில் காட்டப்பட்டிருக்கிறது. நகுல சகாதேவ இரதத்தின் பின்புறம் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் எனப்படும் அவ்வடிவுக்கு விளக்கவுரை எழுதியதுபோல அதனருகிலேயே ஒரு கல்யானை நிற்கிறது. தென்கோடியில் தருமராச இரதம் மூன்று தளங்களோடு 35 அடி அளவுக்கு உயர்கிறது.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தருமராச இரதத்தின் மேல்தளங்களில் வரிசையாக அமைந்த சிறு உருவங்கள் வெறும் அணிவேலைகள் அல்ல. மூலையில் இருப்பது சதுரமான கூடம். நடுவில் இருப்பது நீண்ட சாலை. அதாவது திரௌபதியின் குடிலும் பீமனின் சாலையும் விரற்கடை அளவுகளுக்குச் சுருங்கித் தருமராசனின் தோளில் மீண்டும் ஏறி நிற்கின்றன. வளைந்த பின்புறத்தை உடைய வடிவமோ பஞ்சரம் என்னும் பெயரில் தென்னாட்டு விமானங்களில் சிற்றுருவாக இடம்பெறுகிறது. பெரிய கட்டடம் சிறிய கட்டடங்களால் ஆகிறது. சிற்றுருவைப் பெருவுருவின் இலக்கணமாகவே கண்ட கட்டடக் கலை தமிழ்நாட்டினுடையது.

சிற்பிக்குரிய அளவுமுறையும் அவ்வாறே அமைந்தது. தாளம் என்பது முகத்தின் நீளம். அதனைப் பன்னிரண்டு அங்குலமாகப் பகுப்பர். நவதாளப் படிமம் 108 அங்குலம். இவ்வங்குலம் அடிக்கோலின் அங்குலமன்று. படிமத்தின் உயரத்தோடு தானும் கூடிக் குறையும் அங்குலம். உள்ளங்கையில் அடங்கும் படிமத்துக்கும் கோபுர அளவுப் படிமத்துக்கும் கணக்கு ஒன்றே. இன்றைய மாதிரி அமைப்பாளர் 87 என்றும் 160 என்றும் வகுத்துக்கொள்வதைச் சிற்பநூல் தன் வழியில் முன்பே வகுத்துவைத்தது.

எஞ்சியது எது?

மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணச் சாந்து ஆகியன இன்றி அக்கோயிலை அமைத்ததைப் பெருமையாகக் கூறுகிறது. அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்கலாம். அந்நாள் வரை கோயில்களும் மாளிகைகளும் மனைகளும் செங்கல்லாலும் மரத்தாலும் சாந்தாலும் ஆனவையாகவே இருந்தன. அவை எங்கே?

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து மணலைப் புரட்டியபின், மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறையினர் அகழ்ந்து முருகன் கோயில் ஒன்றின் அடிப்பகுதியை வெளிக்கொணர்ந்தனர். அதன் செங்கல் அடித்தளம் பல்லவர்க்கும் முந்தியது. அடித்தளம் கிடைத்தது. மேலே எழுந்த சுவரும் கூரையும் எந்த வடிவில் இருந்தன என்பதைச் சொல்ல அங்கே ஒன்றும் எஞ்சவில்லை. சில கல் தொலைவில், சிற்பி கல்லில் செய்துவைத்த மாதிரிகளோ கூரையின் வளைவு முதல் சட்டத்தின் முனை வரை அனைத்தையும் காத்து நிற்கின்றன. பல்லவர் காலத்து மரக்கட்டடம் ஒன்றுகூட இன்றில்லை. அது எவ்வாறு இருந்தது என்பதை உலகம் அறிவது பெரிதும் அதன் மாதிரியால்தான்.

வாழ்ந்த கட்டடம் அழிந்தது. அதன் சிற்றுரு நின்றது. இவ்வுரை வற்புறுத்த விழைவது இந்த ஒன்றைத்தான். சிற்றுரு விளையாட்டுப் பொருளாகப் பிறக்கலாம். காலம் கடந்தபின் அதுவே சாட்சியாகிவிடுகிறது.

ஒருவர் கண்ட இழப்பு

இவ்வுண்மையை உணர்ந்து வாழ்நாளை அதற்கே அளித்த ஒருவரை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் இங்கிலாந்து வந்த இராய் இங்கிலாந்து என்னும் இளைஞர், நாட்டுப்புறக் குடில்கள் ஒவ்வொன்றாக உருமாறுவதைக் கண்டார். வேய்ந்த கூரைகள் அகற்றப்பட்டன. பழஞ்சுவர்கள் இடிக்கப்பட்டன. தடுக்கும் ஆற்றல் அவரிடம் இல்லை. அளக்கும் ஆற்றல் இருந்தது. வீடு வீடாகச் சென்று அளந்து, 76-இல் ஒரு பங்காக அட்டையில் அவற்றைக் கட்டலானார். சுவரின் செங்கல்லைத் தனித்தனியே கீறி, தனித்தனியே வண்ணம் தீட்டினார். ஒரு குடிலுக்கே மாதக்கணக்கில் உழைப்பு வேண்டியிருந்தது. 1954-இல் லாங் விட்டன்ஹாம் என்னும் சிற்றூரில் அவர் தொடங்கிய பெண்டன் காட்சியகம், 1920-களையும் 1930-களையும் சார்ந்த ஒரு பள்ளத்தாக்கை இருப்புப்பாதையோடு இன்றும் காத்துவருகிறது. அவர் 1995-இல் மறைந்தார்.

இந்தியாவில் புனே நகரில் பி. எஸ். ஜோஷி நிறுவிய சிற்றுரு இருப்புப்பாதைக் காட்சியகம் 1998 முதல் மக்களின் பார்வைக்கு இருந்துவருகிறது. சென்னைப் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி 2002-இல் திறக்கப்பட்ட வட்டார இரயில் அருங்காட்சியகமும் உண்டு. வண்டிகளைக் காக்கும் முயற்சி இவ்வாறு தொடங்கியிருக்கிறது. வண்டிக்குச் சுமை தந்த கட்டடங்களைப் பற்றிய கவலை இன்னும் பிறக்கவில்லை.

இக்கடற்கரையின் தொழிற்கட்டடங்கள்

மாமல்லபுரத்தின் முதுகுப்புறமாகச் செல்வது பக்கிங்காம் கால்வாய். 1806-இல் வடசென்னையில் தோன்றிப் படிப்படியாக நீண்ட அக்கால்வாய், 1876–78 பஞ்சத்தில் நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பகுதி வெட்டப்பட்டபின், அன்றைய ஆளுநரின் பெயரைப் பெற்றது. தெற்கே மரக்காணம் வரை செல்லும் அந்நீர்வழியில் உப்பும் விறகும் கிளிஞ்சலும் படகேறின. கரையோரத்து உப்பளங்களில் பாத்தி, வரப்பு, குவியல், கிடங்கு என ஒரு தொழிலின் முழு அமைப்பும் தரையோடு தரையாகக் கிடந்தது. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காளவாய்கள் இருந்தன. உட்பகுதிக்கு வந்தால் ஏரிப் பாசனத்தால் விளைந்த நெல்லுக்கு அரிசி ஆலைகள்; ஏரிமண்ணைச் சுட்ட செங்கற் சூளைகள்; நிலையங்களில் சரக்குக் கொட்டகைகள், நீர்த்தொட்டிகள், கைகாட்டி மரங்கள்.

இவற்றில் பல போய்விட்டன, எஞ்சியவை போய்க்கொண்டிருக்கின்றன. 1931-இல் மின்மயமான சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதையில் 2004 ஜூலை 1 முதல் வண்டி ஓடவில்லை. நீராவி போனபின் நீர்த்தொட்டிக்குப் பயன் இல்லை. வண்ண விளக்கு வந்தபின் கைகாட்டிக்கு வேலை இல்லை. சிமெண்டு வந்தபின் காளவாய் அணைந்தது. கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. கோட்டைக்கு வரலாறு உண்டு. அரிசி ஆலைக்கு எவரும் வரைபடம் எழுதிவைப்பதில்லை. பெரும்பாலானவற்றைக் கட்டியவர் ஊர்க் கொத்தனார். அளவுகள் அவர் கையிலும் கயிற்றிலும் இருந்தன, அவரோடு போயின.

ஓர் ஆலை எவ்வாறு உருவாகிறது

அரிசி ஆலை ஒன்றைச் சிற்றுருவில் கட்ட முனைபவர் முதலில் செய்ய வேண்டுவது அட்டை வெட்டுவதன்று. நெல்லின் வழியே நடந்து பார்ப்பது. புழுங்கலரிசி ஆலையில் நெல் முதலில் தொட்டியில் ஊறுகிறது. ஆகவே தொட்டி கிணற்றருகே இருக்கும். பின்பு கொதிகலனின் ஆவியில் வேகிறது. ஆகவே கொதிகலன் தொட்டிக்கு அண்மையில் இருக்கும். அங்கிருந்து களத்துக்கு வருகிறது. களத்தில் வெயில் தடையின்றி விழ வேண்டும்; ஆகவே உயர்ந்த கட்டடம் அதன்மேல் நெடுநேரம் நிழல் வீழ்த்தாது. மழைநீர் தேங்காதபடி களம் நடுவில் சற்றே மேடிட்டிருக்கும். உலர்ந்த நெல் அரைவைக்குச் செல்கிறது. உமி தனியே வந்து விழுகிறது. அவ்வுமியே கொதிகலனுக்கு எரிபொருள். ஆகவே உமிக்குவியல் அடுப்பின் வாயருகே மலைபோல் கிடக்கும், சாம்பல்மேடு அதன் பின்னே இருக்கும். இந்த ஒழுங்கை அறிந்தவர் கட்டும் ஆலை சிறிதாயினும் இயங்குவதுபோல் தோன்றும். அறியாதவர் கட்டுவது எவ்வளவு நுட்பமாயினும் பெட்டியாகவே நிற்கும்.

அடுத்தது அளத்தல். உயரத்தை அளக்க ஏணி வேண்டியதில்லை. ஒரு வரிசைச் செங்கல்லும் அதன் சாந்தும் சேர்ந்த உயரத்தை அளந்து, வரிசைகளை எண்ணினால் சுவரின் உயரம் கிடைக்கும். புகைபோக்கியின் உயரத்துக்கு நிழல் போதும். ஒரு கோலின் நிழலையும் புகைபோக்கியின் நிழலையும் ஒரே வேளையில் அளந்து ஒப்பிடுவது ஊரறிந்த கணக்கு. அடி குறித்த கோல் ஒன்றைச் சுவரில் சாய்த்து நிழற்படம் எடுத்துக்கொண்டால் சாளரமும் கதவும் பின்னர் அதிலிருந்தே அளவு தரும்.

மூன்றாவதாக வருவது சுருக்கம். இங்கேதான் கலைஞன் சோதிக்கப்படுகிறான். நூறடி நீள ஆலை எச்.ஓ. அளவில் 35 சென்டிமீட்டர் வரும். களமும் கிடங்கும் சேர்ந்தால் மேசை முழுதும் அதற்கே போய்விடும். எனவே குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வீதத்தில் குறுக்கிவிட்டால் என்ன ஆகும்? வாசல் குறுகிவிடும்; அதில் மூட்டை சுமந்த மனிதன் நுழைய முடியாது. மனிதனோடு தொடர்புடைய அளவுகளில் கைவைத்தல் ஆகாது. கதவு, படி, சாளரத்தின் அடிவிளிம்பு, மூட்டை இறக்கும் மேடை ஆகியவை கணக்குப்படியே இருக்க வேண்டும். பன்னிரண்டு சாளரம் இருந்த இடத்தில் ஏழு சாளரம் வைக்கலாம்; சாளரத்தைச் சிறிதாக்கலாகாது. எண்ணிக்கையைக் குறை, உருவைக் குறைக்காதே என்பது இத்தொழிலின் முதல் விதி.

இறுதியில் வருவது மேற்பரப்பு. கூரைக்குரிய நெளிதகட்டை மெல்லிய அலுமினியத் தாளை மரையாணியின் வரிகள்மேல் வைத்து அழுத்தி ஆக்கலாம். மங்களூர் ஓட்டுக்கு அட்டைப் பட்டைகளைப் பல்பல்லாக வெட்டி, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிவரலாம். என் அளவில் செங்கல்லுக்கு இடைப்பட்ட சாந்துக் கோடு பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வாராது. அதைக் கீறிக்காட்ட முயன்றால் கோடு தடித்துச் சுவரைக் கெடுக்கும். அங்கே கோட்டை விட்டுவிட்டு நிறத்தின் சிறு வேறுபாட்டால் செங்கல்லை உணர்த்துவதே முறை. நிறத்தையும் உள்ளபடி பூசுதல் கூடாது. தொலைவில் உள்ளவை காற்றின் திரையால் வெளுத்துத் தோன்றுவது இயல்பு. சிற்றுரு என்பது தொலைவில் தெரியும் பொருளின் தோற்றமாதலால் நிறமும் சற்று வெளுக்க வேண்டும். கறைக்கும் ஒரு விதி உண்டு. காரணமின்றி ஒரு கறையும் இருக்கலாகாது. துரு, மழைநீர் வழிந்த இடத்தில் கோடாக இறங்கும். கரி, அடுப்பின் வாய்க்கு மேலே படியும். உமித்தூள், காற்று வீசும் பக்கத்துச் சுவரில் ஒட்டும்.

கவிஞர்க்கு இதில் என்ன?

புறநானூற்றின் 87-ஆம் பாட்டில் ஔவையார், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் ஆற்றலுடைய தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை அதியமானின் வலிமைக்கு உவமையாக்கினார். விரைந்து செய்ய வல்லவன் வேண்டுமென்றே மெல்லச் செய்வதில் பிறக்கும் திண்மையை அப்புலவர் அறிந்திருந்தார். உமிக்குவியலுக்கு ஒரு வாரமும் ஒரு சாளரத்துக்கு இரண்டு நாளும் செலவிடும் மாதிரி அமைப்பாளர் அத்தச்சனின் மரபில் வருபவர்.

ஏழு சீரில் ஓர் அறத்தை அமைத்த மொழி தமிழ். சுருக்கம் அதற்குப் புதியதன்று. ஆயினும் சுருக்கம் இருவகைப்படும். பொருளை முழுதும் அறிந்தவன் இன்றியமையாததை வைத்து ஏனையதை விடுவது ஒன்று. அறியாதவன் தெரிந்ததை மட்டும் சொல்லி நிறுத்துவது மற்றொன்று. இரண்டும் தாளில் ஒரே நீளம்தான். ஆனால் ஆலையைச் சுற்றி நடந்து நெல்லின் வழியை அறிந்தவர் விட்டுவிட்ட ஐந்து சாளரங்கள், காண்பவர் மனத்தில் தாமே வந்து நிரம்பிக்கொள்ளும். அறியாதவர் விட்டவை வெற்றிடமாகவே நிற்கும். சிறுகவிதை எழுதுவோர் இவ்வேறுபாட்டை அட்டைக்கும் கத்தரிக்கும் இடையே அமர்ந்தும் கற்கலாம்.

மற்றொன்றும் உண்டு. தமிழ்க் கவிதையில் கடலும் ஏரியும் வயலும் கோபுரமும் நிறைய உள்ளன. உழைப்பவரும் இருக்கிறார். அவர் உழைத்த கட்டடத்தின் உருவம் மட்டும் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கிறது. ஆலை என்று ஒரு சொல்லில் கடந்துபோகும் இடத்தில், களத்தின் நடுமேடும் காலால் நெல்லைக் கிண்டிச் செல்லும் பெண்ணின் தடங்களும் அடுப்பின் மேற்சுவரில் ஏறிய கரியும் இருக்கின்றன. அவற்றுக்குரிய பெயர்கள் அத்தொழிலாளரின் நாவில் உள்ளன. கட்டடம் இடியும்போது அச்சொற்களும் வழக்கொழிகின்றன.

நிறைவுரை

ஐந்து இரதங்களின் பணி நிறைவுறவில்லை. அடிப்பகுதிகள் பல இடங்களில் முற்றுப்பெறாமல் நிற்கின்றன. மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிவந்த உளி ஏதோ ஒரு நாளில் ஓய்ந்துவிட்டது. எனினும் அவை பயன்படாமற் போகவில்லை. முழுமையடையாத மாதிரியும் மாதிரி இன்மையைவிட மேலானது என்பதற்கு அவையே சான்று.

இலக்கிய வட்டம் பதினோராம் ஆண்டில் அடி வைக்கிறது. உறுப்பினர் பலரின் ஊரிலும் மூடிக்கிடக்கும் ஓர் ஆலையோ, அணைந்த ஒரு காளவாயோ, கூரை சரிந்த ஒரு சரக்குக் கொட்டகையோ இருக்கக்கூடும். அளவு நாடா ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் போதும். உரியவரின் இசைவு பெற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதனை அளந்து, வாசல்களை எண்ணி, அங்கு உழைத்த முதியவர் ஒருவரிடம் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டு எழுதிவைத்தல் அரியதொரு செயலன்று. கைத்திறன் உடையவர் அதனை அட்டையில் கட்டட்டும். சொற்றிறன் உடையவர் அதனைப் பாட்டில் கட்டட்டும். இரண்டும் இல்லாதவர் அந்தக் குறிப்பேட்டைக் காத்தாலே போதும். சாளுவன்குப்பத்தில் அடித்தளம் மட்டும் எஞ்சியதுபோல, இந்நூற்றாண்டின் உழைப்புக்கும் அடித்தளம் மட்டுமே எஞ்ச வேண்டும் என்பதில்லை.

மணலில் கட்டிய சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் எனச் சிறுமியர் வேண்டுவதைத்தான் சிற்றிற் பருவம் பாடுகிறது. சிதைக்கும் கால் இன்று காலத்தினுடையது. அதனிடம் வேண்டிப் பயனில்லை. அளந்து, அறிந்து, சிறிதாகவேனும் மீண்டும் கட்டிக்கொள்வதே வழி.